எல்லாரும் விழணும்

சிஸ்டரை நான் முதலில் பார்த்தது அவர் சுவரிலிருந்து விழும்போது.

எங்கள் புது வீட்டுப் பால்காய்ச்சு அன்று. பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், மஸ்கட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல கேமரா வைத்திருக்கிறார் என்று என் கணவர் அழைத்து வந்திருந்தார். என் வீட்டார், அவர் வீட்டார், ஆசாரி, கொத்தனார் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றோம். சிஸ்டர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நடந்தார். முற்றத்தைத் தாண்டி, மிச்சம் கிடந்த மணல் குவியலில் ஏறி, அதிலிருந்து காம்பவுண்டுச் சுவரின் மேல் ஏறி நின்று, "ஆசாரியாருக்க கை விழல்ல, இத்திரி பொறுங்கோ," என்று இன்னொரு எட்டு பின்னால் வைத்தார். சுவர் அந்த இடத்தோடு முடிந்திருந்தது.

அப்பால் வாழை மூட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒருத்தரும் அனங்கப்பிடாது. நான் சுத்தி வருதேன்."

நாங்கள் அசையவில்லை. சேலையெல்லாம் மண்ணோடு கேட் வழியாகச் சுற்றி வந்தவர், திரும்பவும் பின்னால் நடக்கத் தொடங்கினார். விழும்போதே ஒரு படம் எடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஹாலில் இன்றும் அதுதான் மாட்டியிருக்கிறது. கொஞ்சம் சரிந்த படம். ஆசாரியின் கை உட்பட எல்லோரும் இருக்கிறோம். எல்லோருடைய வாயும் திறந்திருக்கிறது.

ஒருவர் படத்தில் இருப்பதை நாங்கள் 'விழுவது' என்றுதான் சொல்வோம். சிஸ்டருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு கொள்கை: "எல்லாரும் விழணும்." அதற்காக, தான் விழுவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

பெயர் சொல்லி அவரை யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. கன்னியாஸ்திரி என்று நினைத்துச் சிலர் கும்பிடுவார்கள். அவரும் பதிலுக்குக் கும்பிடுவார். நான் அக்கா என்பேன். தக்கலையில் நான் கணக்கு டீச்சராக இருந்ததால் அவருக்கு நான் டீச்சர். பாதி ஆயுளை ஆஸ்பத்திரி வார்டில் கழித்தவர். வார்டுக்குள் நுழைந்ததும் கடைசிக் கட்டில் வரை கண்ணை ஓட்டி, யாரும் விட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொள்கிற பழக்கம், ஊருக்கு வந்த பிறகும் போகவில்லை. கல்யாண வீட்டுப் பந்தலில் நுழைந்தாலும் அப்படித்தான் பார்ப்பார். யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும் போலிருக்கும்.

கேமரா, கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஓய்வுப் பரிசு. அதில் இருந்தது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். சூம் கிடையாது. ஒரே தூரம், ஒரே பார்வை. முகத்தை முகமாகவே காட்டும், மங்கின வெளிச்சத்திலும் படம் தெளிவாக வரும். ஆனால் ஆள் கூடினால் நாம்தான் பின்னால் போக வேண்டும். "இதுக்கு சூம் நம்ம காலாக்கும்," என்று கடைக்காரர் யாரோ சொன்னதை சிஸ்டர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

தெருப் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்துத் திற்பரப்புக்குப் போனபோது, அருவிக்கு முன்னால் எங்களை நிறுத்தினார். பின்னால் நடந்தார். முழங்கால், இடுப்பு, பிறகு மார்பு வரை தண்ணீர். கேமரா மட்டும் வெளியே தெரிந்தது. குளித்துக்கொண்டிருந்த மலையாளக்காரக் குடும்பம் ஒன்று அலறிக்கொண்டு அவரைப் பிடிக்க வந்தது. "நிங்களும் அங்கோட்டு போய் நில்லுங்கோ," என்று அவர்களையும் எங்கள் வரிசைக்கு அனுப்பிவிட்டார். அந்தப் படத்தில் எங்களைவிட அவர்கள்தான் நன்றாக விழுந்திருக்கிறார்கள்.

இப்படியே விட்டால் ஒருநாள் ஆளே இருக்கமாட்டார் என்று நான் அவரை ஸ்கூட்டரில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பையன் பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வரை சூம் ஆகிற லென்ஸை எடுத்து வைத்தான். கழுத்தைத் திருகினால் நம்பர் மாறும்.

"சின்ன நம்பர் வச்சா நிறைய விழும். பெரிய நம்பர் வச்சா கொஞ்சம்தான் விழும், ஆனா பக்கத்துல தெரியும்," என்றான்.

"அது தலைகீழால்லா இருக்கு," என்றேன் நான். எனக்குக் கணக்கில் நம்பிக்கை உண்டு.

சிஸ்டருக்கு உடனே புரிந்துவிட்டது. "இல்ல டீச்சரே. சின்ன நம்பர்னா டாக்டர் வாசல்ல நிண்ணு வார்டு மொத்தமும் பாக்கியது. பெரிய நம்பர்னா ஒத்தக் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நாக்க நீட்டச் சொல்லியது."

பிறகு அறிவியல் டீச்சர் லீவில் போனபோது, ஃபோகல் லெங்த் என்கிற அந்த நம்பரை நான் வகுப்பில் இப்படித்தான் நடத்தினேன். ஒரு பிள்ளைக்கும் மறக்கவில்லை.

பையன் உற்சாகமாகி முந்நூறு வரை போகிற டெலி லென்ஸ் ஒன்றையும் மாட்டிக் கொடுத்தான். சிஸ்டர் கடை வாசலில் நின்று எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையைப் பார்த்தார். ஒரு ஆள் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். அவருடைய மீசையில் ஒட்டிய துணுக்கு வரை தெரிந்திருக்க வேண்டும். குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்தவர் போல சிஸ்டர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

"வேண்டாம் மக்களே," என்றார் பையனிடம். "கூட்டத்துல ஒருத்தர மட்டும் தனியா விளிச்சுப் பாக்கியது போல இருக்கு. மத்தவங்க என்ன நெனைப்பாவ?"

சூம் வாங்கியதற்கு இலவசமாக ஒரு சின்னக் கண்ணாடி கிடைத்தது. மூக்குக் கண்ணாடி போல, லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற குளோஸப் கண்ணாடி. அதை மாட்டினால் பூச்சி, பூ, ஊசியின் காது எதையும் ஒரு சாண் தூரத்தில் போய் எடுக்கலாம். மறுநாள் எங்கள் பிச்சிச் செடியில் ஒரு எறும்பை எடுத்துக் காட்டினார். காலில் இருந்த ரோமம் தெரிந்தது. நான் அசந்துபோனேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"கொள்ளாம். ஆனா இதுக்குப் பொறத்த வந்த எறும்பு ஒண்ணும் விழல்லியே."

அவ்வளவு பக்கத்தில் போனால் ஒரு நூல் கனம்தான் தெளிவாக வரும், மற்றதெல்லாம் கலங்கிவிடும் என்பது அந்தக் கண்ணாடியின் இயல்பு. சிஸ்டர் அதை ஏற்கவில்லை. எறும்பு வரிசை முழுவதும் தெளிவாக விழ வேண்டும் என்று காலை முழுக்க முற்றத்தில் குப்புறக் கிடந்தார். என் மாமியார் மயக்கம் என்று நினைத்து முகத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். எறும்புகள் கலைந்துபோயின. சிஸ்டர் மாமியாரிடம் நாலு நாள் பேசவில்லை.

கலங்கல் என்றாலே அவருக்கு ஆகாது. பழைய ஐம்பது லென்ஸில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் எடுத்திருந்தார். அந்த லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் முன்னால் இருப்பவர் தெளிவாகவும் பின்னால் இருப்பதெல்லாம் புகை போலவும் வரும். ஸ்டுடியோக்காரர்கள் அதற்குத்தான் காசு கொடுத்து அந்த லென்ஸ் வாங்குவார்கள். சிஸ்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். புகைக்குள் மாப்பிள்ளையின் அத்தை இருந்தார்.

"பின்னால நிக்கியவ மனுஷி இல்லியா?" என்று கேட்டுவிட்டு, என் ஸ்கூட்டரில் ஏறி அந்த அத்தை வீட்டுக்கே மன்னிப்புக் கேட்கப் போனார். அத்தைக்கு, தான் அந்தப் படத்தில் இருப்பதே அதுவரை தெரியாது. தெரிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த கல்யாணத்துக்கு சிஸ்டர் வைட் கன்வெர்ட்டர் கொண்டுவந்தார். ஊறுகாய் பாட்டிலின் மூடி அளவுக்குத் தடித்த கண்ணாடி. சூம் லென்ஸின் முன்னால் திருகினால் பார்வை இன்னும் அகலும். விலை மலிவு, ஆகவே மூலைகள் கறுத்து வரும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அகலமான பார்வையில் நடுவில் நிற்பவர் உள்ளபடி இருப்பார். ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபடுவார். மணமேடையில் ஓரமாக நின்ற பெண்ணின் தாய்மாமன் படத்தில் பலாப்பழம் போல வந்தார். மனிதர் உண்மையில் முருங்கைக்காய்.

இந்தச் செய்தி ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவியது. "சிஸ்டருக்க கேமராவுல ஓரத்துல நிண்ணா வீங்கிருவ" என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். ஓரத்தில் இருந்தவர்கள் நைசாக முன்னால் நகர்ந்தார்கள். புதிதாக ஓரமானவர்களும் நகர்ந்தார்கள். வரிசையின் இரண்டு முனைகளும் வளைந்து வளைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் அவரைச் சுற்றி ஒரு வட்டமாக நின்றோம். சிஸ்டர் நடுவில் நின்று பம்பரம் போலச் சுற்றினார். கேக்கை யாரோ அதற்குள் வெட்டிவிட்டார்கள்.

சிஸ்டர் இப்போது எங்கள் தெருவில் இல்லை. வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் தம்பி குடும்பத்தோடு இருக்கப் போய்விட்டார். அவர் பேச்சு எடுத்தால் ஊரில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது கோளாம்பி விஷயத்தில்தான்.

எங்கள் கிறிஸ்தவ சபையின் கோயில் கோபுரத்தில் ஒரு கோளாம்பி இருந்தது. பழைய காலத்து ஊமத்தம்பூ ஒலிபெருக்கி. அது கிழக்கே பார்த்து இருந்தது. மேற்கே குடியிருந்த சபைச் செயலாளர் அதை மேற்கே திருப்பி வைத்தார். கிழக்கே குடியிருந்த ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், "எங்களுக்க காது கர்த்தருக்கு வேண்டாமா?" என்று கேட்டார். பேச்சு முற்றி, கிழக்குக் குடும்பங்கள் எல்லாம் ரோட்டுக்கு எதிரே இருந்த ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு ஆராதனைக்குப் போய்விட்டன. போதகர் பாவம், இரண்டு இடத்துக்கும் ஓடினார். முதல் பாதிப் பிரசங்கம் கோயிலில், மறு பாதி கிட்டங்கியில். பாவத்தைப் பற்றி நாங்கள் கேட்டோம்; மன்னிப்பைப் பற்றி அவர்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டில் நானும் கணவரும் கோயில், மாமியார் கிட்டங்கி. ஒரே ஆட்டோவில் வந்து இரண்டு பக்கமாக இறங்குவோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கினோம், சபையிலேயே மூத்த அம்மை ஒருவர் இறந்து போகும்வரை. அவருக்கு ஒரு மகன் இந்தப் பக்கம், ஒரு மகன் அந்தப் பக்கம். சவப்பெட்டி முதலில் எந்தப் பக்கம் போவது என்று தீராமல் நடுரோட்டில் வெயிலில் நின்றது. கோயில் வாசலில் ஒரு பாட்டு, கிட்டங்கி வாசலில் வேறு பாட்டு. ஒன்றையொன்று மிஞ்சப் பாடினார்கள். சிஸ்டர் குடையோடு போய்ப் பெட்டியின் பக்கத்தில் நின்றார். குடையைப் பெட்டிக்குப் பிடித்தார். அவர் தலை வெயிலில் இருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, "இவங்கள ஒரு படம் எடுக்கணும் டீச்சரே," என்றார்.

"இவங்க சேந்து நிப்பாங்களா அக்கா?"

"சேந்து நிக்காண்டாம். சேந்து விழுந்தா போதும்."

சபை நாள் மலருக்காக இரண்டு பக்கத்தாரும் தனித்தனியே குரூப் போட்டோ கேட்டிருந்தார்கள். சிஸ்டர் இருவருக்கும் சரி என்றார். இருவருக்கும் சனிக்கிழமை காலை பத்து மணி என்றார். நாகர்கோவில் பையனிடம் சொல்லி மீன்கண் கன்வெர்ட்டர் வரவழைத்தார். அதுவும் முன்னால் திருகி மாட்டுவதுதான். ஆனால் கண்ணாடி முட்டை போலப் பிதுங்கியிருந்தது. முன்னால் இருப்பதை மட்டுமல்ல, இடது தோளுக்கும் வலது தோளுக்கும் நேரே இருப்பதையும் அது பார்க்கும். படம் செவ்வகமாக இருக்காது, வட்டமாக வரும். நேர்க்கோடுகள் வளையும். "எல்லாத்தையும் பாக்கணும்னா இத்திரி வளைஞ்சு தான் பாக்கணும்," என்றார்.

சனிக்கிழமை கோயில் படிக்கட்டில் செயலாளரின் ஆட்கள் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். கிட்டங்கி வாசலில் ஹெட்மாஸ்டரின் ஆட்கள் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். இவர்களை அவர்கள் பார்க்காமலும் அவர்களை இவர்கள் பார்க்காமலும் நிற்க, இருவரும் வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சிஸ்டர் நடுரோட்டில், வெள்ளைச் செருப்பைப் பாதி கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டு நீளத்துக்குக் கேமராவைப் பிடித்தார்.

"சிஸ்டரே, கேமரா இங்கோட்டு பாக்கல்லியே," என்றார் செயலாளர்.

"மீனுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"சைடுல."

"இது மீன்கண்ணு லென்ஸ். நேரா பிடிச்சா சைடுல விழும்."

செயலாளர் தலையாட்டினார். அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டரும் அதையே கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டார். தன்னுடைய சைடு மட்டும்தான் சைடு என்று இருவரும் நினைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. சிஸ்டர் நகரவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, சாவணுமா?" என்றார்.

"இல்ல. நீங்களும் விழணும். சிரியுங்கோ."

டிரைவர் ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஹாரன் சத்தத்தில் இரண்டு பக்கத்தாரும் வானத்திலிருந்து கண்ணை இறக்கியிருந்தார்கள். சிஸ்டர் எடுத்தார்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தோம். கறுப்புச் செவ்வகத்துக்குள் ஒரு வட்டம். நடுவில் பஸ், சிரிக்கிற டிரைவர். இடது விளிம்பில் கோயில், செயலாளர், எங்கள் பக்கத்தார். வலது விளிம்பில் கிட்டங்கி, ஹெட்மாஸ்டர், என் மாமியார். வட்டத்தின் அடியில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பும் விரல்களும்.

"அய்யோ, எனக்க காலும் விழுந்திட்டு," என்று சிஸ்டர் வெட்கப்பட்டார்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் எல்லாம் உள்பக்கமாக வளைந்திருந்தன. கோபுரம் வளைந்திருந்தது. கிட்டங்கித் தூண் வளைந்திருந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் இடுப்புக்கு மேல் நடுவைப் பார்த்துச் சாய்ந்து, தலையைத் தாழ்த்தி, எதிர்ப் பக்கத்தாரைக் கும்பிடப் போவது போல நின்றார்கள்.

சாயங்காலம் செயலாளர் வந்தார். ஹெட்மாஸ்டரும் படத்தில் இருப்பதைக் கண்டதும் முகம் சிவந்தது. "இது என்ன ஏமாத்து சிஸ்டரே? இந்த ஆளுக்க கூட நான்..." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனின் பக்கத்தில் போனார். வெகுநேரம் பார்த்தார்.

"ஹெட்மாஸ்டர் குனிஞ்சில்லா நிக்கியாரு," என்றார் மெதுவாக.

"அது வந்து, இந்த மாதிரி லென்ஸ்ல ஓரத்துல இருக்கியது எல்லாம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"டீச்சரே, ஐயாவுக்கு ஒரு சாயா போடும்," என்றார் சிஸ்டர்.

நான் அடுக்களைக்குப் போனேன். அங்கிருந்தும் காது கேட்டது.

"சிஸ்டரே, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. மனுஷன் குனிஞ்சாரா?"

"படத்துல குனிஞ்சிருக்காரு ஐயா. நான் கையால ஒண்ணும் வரையல்ல."

செயலாளர் சாயா குடிக்காமலே போய்விட்டார். போகும்போது கண் கலங்கியிருந்தது. "வயசான மனுஷன். நான் இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கப்பிடாது," என்றார்.

அவர் குடிக்காத சாயா ஆறுவதற்குள் ஹெட்மாஸ்டர் வந்தார். அவரும் கத்தத் தொடங்கி, நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்தார். "செயலாளர் இப்பிடித் தலை தாழ்த்துவாருண்ணு நான் நெனைக்கல்ல," என்றார். அந்தச் சாயாவை அவர் குடித்தார்.

மறுநாளே செயலாளர் ஆள் ஏற்றி கோளாம்பியைக் கிழக்கே திருப்பினார். ஹெட்மாஸ்டர் ஓடிவந்து, "வேண்டாம், மேற்கேயே இருக்கட்டும்," என்று திருப்பச் சொன்னார். இவர் விடவில்லை, அவரும் விடவில்லை. விட்டுக்கொடுப்பதில் மறுபடி ஒரு சண்டை மூளும் போலிருந்தது. மேலே இருந்த ஆளுக்குக் கை வலித்து, கோளாம்பியை வானத்தைப் பார்த்து வைத்து இறுக்கிவிட்டு இறங்கிவிட்டான். யாருக்கும் ஒன்றும் சரியாகக் கேட்பதில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

படம் அந்த வருஷ மலரின் அட்டையில் வந்தது. அச்சகத்தில் கால்களை வெட்டிவிடலாமா என்று கேட்டார்கள். வெட்டினால் வட்டம் கோணலாகிவிடும் என்று சொல்லி நான் தடுத்துவிட்டேன். அது உண்மையும்தான்.

சபை நாளன்று அசன விருந்து ஒன்றாக நடந்தது. கோயிலில் இருந்தவர்களும் கிட்டங்கியில் இருந்தவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். செயலாளர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஹெட்மாஸ்டரின் இலையில் சாம்பார் ஊற்றினார். ஹெட்மாஸ்டர் எழுந்து அவர் கையிலிருந்து வாளியை வாங்கி அவருக்கு ஊற்ற முயன்றார். இருவர் முகத்திலும் பெரிய மனதோடு மன்னித்தவரின் சாந்தம் இருந்தது. அந்தப் பந்தலில் மன்னித்தவர்கள் இருநூறு பேர் இருந்திருப்போம். மன்னிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

சிஸ்டர் என் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தைப் பப்படத்தோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். கேமராப் பை காலடியில் மூடியபடி கிடந்தது. இப்படி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற காட்சி இனி எப்போது வருமோ என்று எனக்குப் பரபரத்தது.

"அக்கா, படம் எடுக்கல்லியா?"

அவர் பந்தலின் கடைசி இலை வரை ஒருமுறை பார்த்தார்.

"எச்சிக் கையில்லியா டீச்சரே," என்றார். "அந்தப் பப்படத்த இங்கோட்டு நீக்கி வையும்."